இன்றைய நெஞ்சுவலி முடிந்துவிட்டது

பதுளை பசறை வீதியிலுள்ள சுகநிவாச மருத்துவ நிலையத்தில் ஒரு நாளைக்கு இரண்டு பேருக்குத்தான் கடுமையான நெஞ்சுவலி வரலாம். மூன்றாவது ஆளுக்கு வந்தால் அது அவருடைய சொந்தப் பொறுப்பு. காய்ச்சலுக்குக் கொஞ்சம் தாராளமாக இடம் உண்டு. உடல் அசதி புதன்கிழமைகளில் மட்டும் பார்க்கப்படும். கால் ஆணி, மரு, தேமல் முதலியவற்றை நிலையம் 'அவசரமற்ற துன்பங்கள்' என்ற தலைப்பின் கீழ் வைத்திருந்தது. அவற்றுக்கு இடம் கேட்பவர்களிடம், தைப்பூசம் கழிந்து அழைப்போம் என்று மரியாதையாகச் சொல்வார்கள். எந்த வருடத்துத் தைப்பூசம் என்று சொல்லமாட்டார்கள்.

ஆடுகிற மாட்டை ஆடித்தான் கறக்கவேண்டும் என்பது பசார் வீதிக் கடைக்காரர்களுக்குத் தெரியாததா? நிலையம் இந்த ஒழுங்குமுறையைக் கொண்டுவந்த சில மாதங்களிலேயே, பல்வலிக்காரர், மூட்டுவலிக்காரர், மூக்கடைப்புக்காரர் எல்லோரும் தொலைபேசியை எடுத்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொள்ளப் பழகிவிட்டார்கள். உள்ளே போய் டொக்டர் முன்னால் உட்கார்ந்த பிறகு, "நெஞ்சு இப்ப பரவாயில்ல டொக்டர், வந்ததுதான் வந்தேன், இந்தப் பல்லைக் கொஞ்சம்..." என்று இழுத்தால் வேலை முடிந்தது. யாருக்கும் நஷ்டமில்லை என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

லீலா ஸ்டோர்ஸ் வைரவநாதனும் அப்படித்தான் நினைத்தார். அவருக்கு வலது குதிங்காலில் கால் ஆணி. மனுசர் நல்லவர். மளிகைக்கடை முதலாளி, கோயில் திருப்பணிச் சபைத் தலைவர், அரிசியில் கல் கலக்காதவர். பொய் சொல்லிப் பழக்கமில்லை என்று சொல்லமுடியாது, கடைக்காரர் அல்லவா. ஆனால் நோயில் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"கால் ஆணின்னு சொல்லிப் பாருங்க, அடுத்த வருசம்தான் கூப்பிடுவாங்க" என்றாள் மனைவி லீலா. "பக்கத்துக் கடை ஸலீம் பாய் மருவையே நெஞ்சுவலின்னு சொல்லித்தானே எடுத்தாரு? அவருக்கு என்ன குறைஞ்சு போச்சு?"

வைரவநாதன் காலையில் குளித்து, திருநீறு பூசி, சாமி படத்தைப் பார்க்காமல் திரும்பி நின்றுகொண்டு தொலைபேசியை எடுத்தார்.

"சுகநிவாசவை நாடியமைக்கு நன்றி" என்றது ஒரு பதிவுக் குரல். "சிங்களத்துக்கு ஒன்றை அழுத்துங்கள். தமிழுக்கு இரண்டை அழுத்துங்கள். நினைவிழந்திருந்தால் எதையும் அழுத்தாமல் இணைப்பிலேயே காத்திருங்கள்." அவர் இரண்டை அழுத்தினார். ஒரு புல்லாங்குழல் வெகுநேரம் வாசித்தது. பிறகு வரவேற்பு மேசை ஷாகிராவின் குரல் வந்தது.

"என்ன வருத்தம் சேர்?"

"நெஞ்சுவலி."

"லேசா, கடுமையா?"

வைரவநாதன் ஒரு கணம் தயங்கினார். "லேசுன்னா எப்ப பாப்பீங்க?"

"லேசு அடுத்த வியாழக்கிழமை."

"அப்ப கடுமை."

"நல்ல நேரத்துக்கு எடுத்தீங்க சேர். இண்டைக்கு கடுமை ஒண்ணுதான் மிச்சம். உறுதிப்படுத்தவா?"

"உறுதிப்படுத்துங்கம்மா."

"வாழ்த்துகள் சேர்" என்றாள் ஷாகிரா.

நிலையத்துக்குள் நுழையும்போது வைரவநாதன் இடது கையால் நெஞ்சைப் பிடித்திருந்தார். அதில் தவறில்லை. ஆனால் வலது காலை ஊன்றமுடியாமல் நொண்டிக்கொண்டு வந்தார். ஷாகிரா கணினியிலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

"நெஞ்சுவலிக்கு ஏன் சேர் நொண்டுறீங்க?"

"வலி... இறங்குதும்மா" என்றார் வைரவநாதன்.

ஷாகிரா அக்கறையோடு தட்டச்சு செய்தாள்: கீழ்நோக்கிப் பரவும் வலி. கெட்டிக்காரப் பிள்ளை. சொன்னதை ஒரு எழுத்துப் பிசகாமல் பதிவாள். சொல்லாததை எந்தக் காலத்திலும் பதியமாட்டாள். அப்படித்தான் அவளுக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள்.

காத்திருக்கும் மண்டபத்தில் வைரவநாதனுக்குப் பக்கத்துக் கதிரைகளில் ஒரு வயதான தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். கணவர் மெலிந்தவர். பழைய கோட்டு போட்டிருந்தார். மார்கழிக் குளிரில் மண்டபமே கைகளைக் கட்டிக்கொண்டிருக்க, அவருக்கு மட்டும் நெற்றியிலும் மேலுதட்டிலும் வியர்வை. இடது தோளை வலது கையால் மெல்லப் பிசைந்துகொண்டே இருந்தார். யாரும் பார்த்தால் பிசைவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். மனைவிதான் முதலில் பேசினாள்.

"ஐயாவுக்கு நெஞ்சு வலிங்களா?"

நெஞ்சிலிருந்து கையை எடுக்க மறந்துபோயிருந்த வைரவநாதன், "ஆ... ஆமாம்மா" என்றார்.

"ஐயோ பாவம். தனியா வேற வந்திருக்கீங்களே. இந்தாங்க, கொத்தமல்லித் தண்ணி. இவருக்குன்னு கொண்டாந்தேன், இன்னும் சூடாத்தான் இருக்கு." கேட்காமலே பிளாஸ்கைத் திறந்து மூடியில் ஊற்றி நீட்டினாள். அவள் பெயர் இராக்கம்மா. கணவர் இராமையா. மடுல்சீமைப் பக்கத்து மேற்பிரிவுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து, குண்டும் குழியுமான பாதையில் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தார்கள்.

"அவருக்கு என்னம்மா?" என்று கேட்டார் வைரவநாதன்.

"நேத்து கவாத்து வெட்டுற மலையில அப்படியே குந்திட்டாருங்க. நெஞ்சுல கல்லத் தூக்கி வச்ச மாதிரி இருக்குன்னாரு. கையி மரத்துப் போச்சுன்னாரு. ராவெல்லாம் தூக்கமில்ல. விடிஞ்சதும் இழுத்துக்கிட்டு வந்துட்டேன்."

"இங்க வந்து என்ன சொன்னீங்க?"

"நானு சொல்லலீங்க, இவருதான் சொன்னாரு. லேசா நெஞ்சு கரிக்குதுன்னு. அடுத்த வியாழக்கெழம வரச் சொல்லிட்டாங்க. திரும்பிப் போற பஸ்ஸு பகலைக்குத்தானே, அதான் குந்தியிருக்கோம்."

இராமையா வெட்கத்தோடு சிரித்தார். "லேசாத்தாங்க இருக்கு. இவதான் சும்மா பயப்படுறா."

இராமையாவின் 'லேசு' எப்படிப்பட்டது என்பதை இங்கே சொல்லியாகவேண்டும். தோட்டத்தில் ஒருவன் வலிக்கிறது என்று போய் நின்றால், எங்கே வலிக்கிறது என்று எவரும் கேட்பதில்லை. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு ஏன் வரவில்லை என்றுதான் கேட்பார்கள். வேலைக்குக் கள்ளம் பண்ணுகிறான் என்ற பெயர் ஒருமுறை விழுந்துவிட்டால் கழுவ முடியாது. ஆகவே அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் எந்த நோயையும் பாதிக்குமேல் தள்ளுபடி செய்துதான் வெளியே சொல்வார்கள். பசாரிலோ வலிக்கும் விலை ஏற்றித்தான் சொல்வார்கள். சுகநிவாசவின் கணினி இரண்டு தரப்பையும் சொன்ன விலைக்கே வாங்கிக்கொண்டது.

"பெரியாஸ்பத்திரிக்குப் போகலாமே?" என்றார் வைரவநாதன்.

"வார்டுல படுக்க வச்சிருவாங்கன்னு பயப்படுறாருங்க. இந்த லேசுக்குப் போயா பெரியாஸ்பத்திரின்னு ஏசுறாரு."

"திரும்பப் போய் கடுமைன்னு சொல்லிப் பாத்தீங்களா?"

"பொறவு நானே போயி கேட்டேனுங்க. அந்தப் புள்ள தங்கமான புள்ள. ஆனா இன்னிக்கு நெஞ்சுவலி முடிஞ்சிருச்சாம். கடசி ஒன்ன காலையில யாரோ போன்ல எடுத்துட்டாங்களாம்." இராக்கம்மா பெருமூச்சு விட்டாள். "யாரு பெத்த புள்ளையோ. அவருக்கு என்ன கஷ்டமோ. நல்லாயிருக்கட்டும்."

கொத்தமல்லித் தண்ணீர் வைரவநாதனுக்குப் புரையேறியது. இராக்கம்மா எழுந்து அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? அன்று காலை வரை ஒரு நோவும் அறியாத அந்த நெஞ்சு, இப்போது நிஜமாகவே என்னவோ செய்தது. அவர் நொண்டிக்கொண்டு வரவேற்பு மேசைக்குப் போனார்.

"அம்மா, என்னோட இடத்தை அந்த ஐயாவுக்குக் குடுங்க. அவருக்குத்தான் ரொம்ப முடியாம இருக்கு."

"குடுக்கேலாது சேர். நெஞ்சுவலி கைமாற்ற முடியாது."

"அப்ப என்னோடத ரத்துப் பண்ணுங்க."

"பண்ணலாம். ரத்துப் பண்ணினா அது போன் லைனுக்குப் போகும். அடுத்ததா யார் எடுக்கிறாங்களோ அவங்களுக்கு."

"அவரு இங்கதானே இருக்காரு! நேர்ல!"

"அதுதான் பிரச்சினையே சேர்" என்றாள் ஷாகிரா வருத்தத்தோடு. "ரத்தான இடத்துக்கு நேர்ல வர்றவங்களுக்கு லைன் இல்ல."

வைரவநாதன் முகாமையாளரைப் பார்க்கவேண்டும் என்றார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவேண்டுமே! சுகநிவாசவின் பூசாரி திலீபன். 'நோயாளர் அனுபவ முகாமையாளர்' என்று சட்டையில் அட்டை குத்தியிருந்தான். கொழும்பில் ஒரு நட்சத்திர ஹோட்டலில் விருந்தினர் முறைப்பாடுகளைக் கவனித்துவிட்டு வந்தவன். சிரித்த முகம். கைகளைக் கட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்துக் கேட்டான். கேட்டுவிட்டு, வைரவநாதனைச் சுவரிலிருந்த ஒரு வரைபடத்துக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போனான்.

"சேர், நாங்க வர்றதுக்கு முன்னாடி இங்க என்ன நடந்துச்சு தெரியுமா? வருத்தம் வந்த உடனே ஆளுங்க வந்தாங்க. வந்த உடனேயே! ஒரு திட்டம் இல்ல, ஒழுங்கு இல்ல. வெலிமடையிலயிருந்து ஒருத்தர், ஹாலிஎலயிலயிருந்து ஒருத்தர், யாரு எப்ப மயங்கி விழுவாங்கன்னே தெரியாது. டொக்டர் பாவம், வர்ற நோயாளிய எல்லாம் பாத்துக்கிட்டு இருந்தாரு. இப்ப பாருங்க." கீழ்நோக்கிச் சரியும் கோட்டைப் பெருமையோடு தடவினான். "ஒரே வருசத்துல பதுளையில நெஞ்சுவலிய பாதியாக் குறைச்சிருக்கோம்."

"எப்படித் தம்பி?"

"ஒதுக்கீட்டைப் பாதியாக் குறைச்சோம் சேர்."

வைரவநாதன் வரைபடத்தையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். திலீபன் அதை வியப்பு என்று எடுத்துக்கொண்டான்.

"இதுல என்ன அருமைன்னா, இது வரைக்கும் ஒரு முறைப்பாடு கூட வரல்ல. முறைப்பாடு குடுக்கிறதுக்கு மொதல்ல டொக்டரைப் பாத்திருக்கணும். பாக்காதவங்க நம்ம நோயாளியே இல்லையே."

மண்டபத்தின் அந்தப் பக்கத்தில் இராமையா கண்ணை மூடிச் சுவரில் தலையைச் சாய்த்திருந்தார். உதடு வெளுத்திருந்தது. வைரவநாதனுக்கு வெட்கம், மானம், திருப்பணிச் சபை எல்லாம் ஒரு கணம் மறந்துபோயின.

"தம்பி, எனக்கு நெஞ்சுவலியே இல்ல!" என்று சத்தமாகச் சொன்னார். மண்டபம் திரும்பிப் பார்த்தது. "கால் ஆணி! கால் ஆணிக்கு வந்தேன். பொய் சொல்லிட்டேன். அந்த மனுசனுக்குத்தான் நெஞ்சுவலி. அவரைப் பாருங்க!"

திலீபனின் முகம் கனிந்தது. மாரடைப்பை இனங்காண்பது பற்றி அவன் ஒருநாள் பயிலரங்கு ஒன்றில் பங்குபற்றிச் சான்றிதழும் வாங்கியிருந்தான். அதில் சொல்லிக்கொடுத்த முதலாவது அறிகுறி மறுப்பு.

"ஷாகிரா, எழுதுங்க. நோயாளி வலியை மறுக்கிறார்."

"மறுக்கல்லடா, உண்மையைச் சொல்றேன்!"

"படபடப்பு. அதையும் எழுதுங்க."

"என் காலைப் பாரு!" வைரவநாதன் செருப்பைக் கழற்றிக் காலைத் தூக்க முயன்று, தடுமாறி மேசையைப் பிடித்தார்.

"தலைசுற்றல்" என்றான் திலீபன். "வியர்வை வேற. அடுத்தவங்களுக்கு வலிக்குதுன்னு சொல்றாரே, அது மனக்குழப்பம். சேர், நீங்க ஒண்ணும் பேசாதீங்க. பேசப் பேசக் கூடுது."

உண்மைதான். அவர் பேசப் பேச அவருடைய நோய் கணினியில் முற்றிக்கொண்டே போனது. ஒரு சக்கர நாற்காலி வந்தது. இரண்டு பேர் அவரை அமுக்கி உட்காரவைத்தார்கள். நியாயம் தவறாதவன் திலீபன். போகிறபோக்கில் இராமையாவின் முன்னால் குனிந்து, "ஐயா, உங்களுக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டான்.

சட்டை போட்ட பெரிய உத்தியோகத்தர் ஒருவர் வந்து கேட்கிறாரே என்று இராமையா சிரமப்பட்டு எழுந்து நின்றார். கையெடுத்துக் கும்பிட்டார். "பரவாயில்லீங்க சேர். லேசாத்தான்."

"பாருங்க சேர்" என்றான் திலீபன் வைரவநாதனிடம். "இவரு எவ்வளவு ஒழுங்கான நோயாளி."

ஈ.சி.ஜி. அறையில் வைரவநாதனைக் கட்டிலில் கிடத்தினார்கள். இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் ஸிஹாமா, சட்டைப் பொத்தான்களைக் கழற்றச் சொல்லிவிட்டு, தாள் சுருள் முடிந்துவிட்டதென்று எடுத்துவர வெளியே போனாள். மேல்கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்த வைரவநாதனுக்கு அந்தக் கட்டில் முள்ளாகக் குத்தியது. ஒரு மனுசனுடைய இடத்தில் படுத்திருக்கிறோம் என்பது, படுத்த பிறகுதான் முழுசாக விளங்குகிறது. அவர் இறங்கினார். கதவைத் திறந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, இராமையாவிடம் போனார்.

"எழும்புங்க. உள்ள வாங்க."

"எனக்கு அடுத்த வியாழக்கெழமைங்க."

"பரவாயில்ல, வாங்க."

"பெரியவங்க எடத்துல நானு போயி எப்படிங்க படுக்கிறது?"

இதைக் கேட்டதும் வைரவநாதனுக்கு அழுகை வந்துவிட்டது. இராக்கம்மா அவரைப் பார்த்தாள், கணவனைப் பார்த்தாள். கணவனின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். ஒரு பக்கம் அவள், மறுபக்கம் நொண்டிக்கொண்டு இவர். யாரும் தடுக்கவில்லை. நோயாளிகள் நோயாளிகளைத் தாங்கிக்கொண்டு போவதற்கு நிலையத்தில் இன்னும் விதி எழுதவில்லை.

ஸிஹாமா தாள் சுருளோடு வந்தபோது கட்டிலில் இராமையா கிடந்தார். வைரவநாதனும் இராக்கம்மாவும் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றார்கள். ஸிஹாமா கணினித் திரையில் பெயரைப் பார்த்தாள். "வைரவநாதன், ஐம்பத்தி நாலு வயசு." முகத்தைப் பார்க்கவேண்டிய அவசியம் அவளுக்கு ஏற்படவில்லை. வயர்களை ஒட்டி, பொத்தானை அழுத்தினாள். இயந்திரத்துக்குப் பட்டியல் பார்க்கத் தெரியாது. அது உள்ளதை உள்ளபடி கீறியது. தாளைக் கையில் எடுத்த ஸிஹாமா, "அல்லாஹ்!" என்று கத்திக்கொண்டு டொக்டரிடம் ஓடினாள்.

டொக்டர் துவாரகன் இளம் ஆள். நாள் முழுக்கக் கணினித் திரையைப் பார்த்தே மருந்து எழுதுவதால் பதுளையில் ஒருவருடைய முகமும் அவருக்குப் பழக்கமில்லை. தாளைப் பார்த்தார். பிறகு, வெகுநாளைக்குப் பின், ஒரு நோயாளியின் முகத்தைப் பார்த்தார். ஒரு குளிசையைக் கொடுத்து மென்று விழுங்கச் சொன்னார். நாடியைப் பிடித்தார்.

"வைரவநாதன், எவ்வளவு நேரமா வலிக்குது?"

"நானு இராமையாங்க" என்றார் இராமையா. சாகும்போதும் பொய்யான பேரில் சாக அவருக்கு மனமில்லை.

"நான்தான் வைரவநாதன் டொக்டர்." திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "எனக்கு ஒண்ணுமில்ல. அவரைப் பாருங்க."

"அம்புலன்ஸ்!" என்றார் டொக்டர்.

வாசலில் திலீபன் நின்றான். "டொக்டர், இராமையா லேசுப் பட்டியல். லேசுக்கு அம்புலன்ஸ் கிடையாது. வைரவநாதனுக்குத்தான் உண்டு."

டொக்டர் அவனை ஒரு கணம் பார்த்தார். "திலீபன், நான் இங்க டொக்டர் மட்டுந்தான். உங்க பட்டியலைத் திருத்துற அதிகாரம் எனக்கு இல்ல. வைரவநாதனுக்கு அம்புலன்ஸ்னு எழுதிக்குங்க. ரெண்டு பேரையும் ஏத்துங்க."

இது விதிக்கு உட்பட்டது. ஆகவே திலீபன் சந்தோஷமாகவே கையொப்பமிட்டான். பதிவின்படி மாரடைப்பு நோயாளி வைரவநாதன். அவருக்குத் துணையாகச் செல்பவர் இராமையா. அம்புலன்ஸில் துணைக்கு வந்தவர் படுத்திருந்தார். நோயாளி அவர் காலடியில் உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, கதிர்காமத்து முருகனுக்கு நேர்ந்துகொண்டே போனார். பதிவில் இல்லாத இராக்கம்மா முன்னால் சாரதிக்குப் பக்கத்தில் இருந்தாள். பாதி வழியில் இராமையா கண்ணைத் திறந்தார்.

"ஐயா, ஒங்களுக்கு வலி இப்ப கொறைஞ்சிருக்குங்களா?"

திருடனுக்குத் தேள் கொட்டியது போல் வைரவநாதன் வாயை மூடிக்கொண்டார். முழு மண்டபத்துக்கும் கத்திச் சொன்ன உண்மையை, இந்த ஒரு மனுசன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

பெரியாஸ்பத்திரியில் அவர்களை யாரும் பெயர் கேட்டு நிறுத்தவில்லை. யாருக்கு வியர்க்கிறது என்று பார்த்தார்கள், அவரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கொஞ்சம் பிந்தியிருந்தால் ஆள் மிஞ்சியிருக்கமாட்டார் என்று ஒரு தாதி சொன்னாள். வைரவநாதன் நடைபாதைச் சுவரில் சாய்ந்து நின்றபோது அவருடைய தொலைபேசிக்குக் குறுஞ்செய்தி வந்தது: 'தங்கள் மாரடைப்பு தொடர்பான எமது சேவை தங்களுக்குத் திருப்தியளித்ததா? ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பிடவும்.'

அதைவிடப் பெரிய துன்பம் வீட்டில் காத்திருந்தது. அன்று மாலையே சுகநிவாச தன் முகநூல் பக்கத்தில் வைரவநாதனின் படத்தைப் போட்டுவிட்டது. கடும் மாரடைப்பு வந்த நிலையிலும், 'எனக்கு வலியே இல்லை' என்று பொய் சொல்லி, ஓர் ஏழைத் தோட்டத் தொழிலாளிக்குத் தன் இடத்தை விட்டுக்கொடுத்த பதுளையின் வள்ளல் என்று எழுதியிருந்தது. அன்று முழுவதும் அவர் சொன்ன ஒரே உண்மைதான் அந்தப் பொய்.

கடைத்தெருவே திரண்டு வந்தது. தோடம்பழம், பிஸ்கட், பால்மாப் பெட்டி. கோயிலில் அவர் பேரில் அர்ச்சனை நடந்து, குருக்களே விபூதியைக் கொண்டுவந்து நெற்றியில் பூசினார்.

"எழும்பாதீங்க, படுத்தே இருங்க" என்று லீலா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "நல்ல பேரு தானா வந்திருக்கு. வாயைத் திறந்து கெடுத்துக்காதீங்க."

"லீலா, அந்த மனுசன் செத்திருப்பாருடி. என்னால."

"சாகல்லயே?"

"அது என்னாலயா?"

லீலா தோடம்பழங்களைத் தட்டில் அடுக்கினாள். கடைசியாக ஸலீம் பாய் வந்து கட்டிலருகே குனிந்தார். "மொதலாளி, கால் ஆணி போச்சா?"

"இல்ல."

"அப்ப ஒரு நெஞ்சுவலி வீணாப் போச்சே" என்று அவர் மெய்யாகவே வருந்தினார்.

நாலைந்து நாள் வைரவநாதன் பொறுத்துப் பார்த்தார். வருகிறவர்கள் எல்லோரும் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். சாப்பாடு இறங்கவில்லை. ஒரு நாள் முற்பகல், பார்வையாளர் நேரத்துக்கு, வந்த தோடம்பழங்களில் ஒரு பையை எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போனார். இராமையா தூங்கிக்கொண்டிருந்தார். முகத்தில் கொஞ்சம் நிறம் வந்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த இராக்கம்மா எழுந்து, முந்தானையால் ஸ்டூலைத் துடைத்து, "ஒக்காருங்க ஐயா" என்றாள்.

வைரவநாதன் உட்காரவில்லை. "அம்மா, ஒண்ணு சொல்லணும். எனக்கு அன்னைக்கு நெஞ்சுவலி இல்ல. ஊர்ல சொல்றதெல்லாம் சும்மா. கால் ஆணிக்குத்தான் வந்தேன். அந்தக் கடைசி இடத்தை போன்ல எடுத்தது நான்தான். உங்க வீட்டுக்காரரோட இடம் அது." அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "ஏசுங்கம்மா. நல்லா ஏசுங்க."

இராக்கம்மா கணவனின் போர்வையைச் சரிசெய்தாள்.

"தெரியுங்கய்யா" என்றாள்.

"தெரியுமா? எப்ப?"

"நீங்க வந்து பக்கத்துல குந்தினப்பவே. நெஞ்சு வலிக்கிறவரு மூஞ்சிய மொத நாளு ராவெல்லாம் பாத்துக்கிட்டு இருந்தவ நானு. ஒங்க மூஞ்சி அப்படி இல்லீங்களே. கடசி ஆளு நீங்கதான்னும் நெனச்சேன்."

"பின்ன ஏம்மா சும்மா இருந்தீங்க? அங்கயே கத்தியிருக்கலாமே! இவரு உசிரு போயிருந்தா?"

இராக்கம்மா அவரை ஆச்சரியமாகப் பார்த்தாள். இதைக்கூடவா இந்த மனுசனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது போலிருந்தது அந்தப் பார்வை.

"பசாருல ஒங்க கடைய எங்க தோட்டத்துல எல்லாருக்கும் தெரியுங்க. பெரிய மனுசரு. நாலு பேரு குந்தியிருக்கிற எடத்துல, மொதலாளி பொய் சொல்றாருன்னு நானு எப்படிங்க சொல்றது? சொன்னாத்தான் யாரு கேப்பா?"

அதில் கோபம் இல்லை. குத்தலும் இல்லை. தோட்டத்துப் பாதை சரியில்லை, பஸ் பகலைக்குத்தான் என்று சொன்ன அதே குரலில்தான் சொன்னாள். வைரவநாதன் பையைக் கட்டிலில் வைத்துவிட்டுத் திரும்பினார். வார்டு வாசல் வரை போயிருப்பார், பின்னாலிருந்து இராக்கம்மா கூப்பிட்டாள்.

"ஐயா, அந்தக் கால யாருகிட்டயாச்சும் காட்டினீங்களா? நொண்டிக்கிட்டே போறீங்களே."

அவர் இல்லை என்று தலையாட்டினார். அவள் இரண்டு வார்த்தை ஏசியிருந்தால், அன்று பகலாவது அவருக்குச் சோறு இறங்கியிருக்கும்.